கையும் காசுமாக யாழ்ப்பாணத்தில்

இந்த முறை ஊரில் நீண்ட நாள் நின்றேன். அம்மாவின் வீட்டுத் திருத்த வேலை, நல்லூர்த் திருவிழா, ஒரு கலியாணம் எல்லாம் ஒன்றாக வந்ததால் கையில் காசு ஓடிக்கொண்டே இருந்தது. எப்படிச் சமாளித்தாய் என்று ரொறன்ரோவில் பலரும் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான்: காசைக் கனடாவிலேயே இருக்கவிட்டு, ஊரில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

கனடாவில் இருந்து புறப்படும்போது கையில் 10,000 டொலரோ அதற்கு மேலோ இருந்தால் எல்லைச் சேவைக்கு அறிவிக்க வேண்டும். இலங்கைச் சுங்கத்திலும் பெரிய தொகைக்கு அறிவிப்பு உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறி, விடியும்வரை மடியில் அவ்வளவு காசோடு யாருக்கு நித்திரை வரும்? முதல் சில நாள் செலவுக்குத் தேவையானதைக் கட்டுநாயக்காவிலேயே மாற்றினேன். வருகை மண்டபத்தில் வங்கி முகப்புகள் வரிசையாக இருக்கின்றன. விமான நிலையம் என்றாலே விலை மோசம் என்பது நமக்கு ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் பழகிய எண்ணம். இங்கே நகரத்து வங்கி விலைக்குக் கிட்டத்தான் கொடுத்தார்கள். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது சிம். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். நாங்கள் இறங்கியதும் செய்கிற முதல் வேலை உள்ளூர் சிம் போடுவது. கழற்றிய கனடா சிம் எங்கேயோ ஒரு பையில் போய்விடும். என்னோடு வந்த உறவினருக்கு நடந்தது இது: யாழ்ப்பாணத்தில் முதல் தடவை காசு எடுக்கப் போனதும் அவருடைய கனடா வங்கி சந்தேகப்பட்டு அட்டையை நிறுத்திவிட்டது. திறக்க வேண்டுமென்றால் கனடா நம்பருக்கு வருகிற குறியீட்டைச் சொல்ல வேண்டும். அந்த நம்பரின் சிம்மோ எங்கேயோ பெட்டிக்குள். அட்டையின் பின்னால் இருக்கிற 1-800 இலக்கம் வெளிநாட்டில் இருந்து பெரும்பாலும் வேலை செய்யாது, வெளிநாட்டு அழைப்புக்கென்று கொடுத்திருக்கும் மற்ற இலக்கத்துக்குத்தான் எடுக்க வேண்டும். இரவு முழுக்கக் காத்திருப்பு இசை கேட்டுக்கொண்டிருந்தார், பாவம். இரண்டு சிம் போடக்கூடிய போன் என்றால் கனடா நம்பரைக் கழற்றாமல் டேட்டாவை மட்டும் நிறுத்தி வையுங்கள். குறுஞ்செய்தி பெறக் கட்டணம் உண்டா என்று புறப்பட முன்னமே கேளுங்கள். வங்கிச் செயலி வழியாக உறுதிப்படுத்தும் வசதி இருந்தால் அதற்கு மாறிவிடுவது இன்னும் நல்லது, வைஃபை போதும். இரண்டாவது அட்டை ஒன்றையும் வேறு பையில் வையுங்கள். தொலைந்தால் புதிய அட்டை யாழ்ப்பாணத்துக்கு வந்து சேரும்வரை உங்கள் விடுமுறை காத்திருக்காது.

ஆஸ்பத்திரி வீதியில் நடந்தால் வங்கிகளுக்குக் குறைவில்லை. ஏ.டி.எம். கட்டணமும் ஒரு தடவையில் எடுக்கக்கூடிய தொகையும் வங்கிக்கு வங்கி வேறு. அதனால் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டு ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். சில இயந்திரங்கள் கனடா டொலரில் கணக்குப் பார்க்கவா என்று கேட்கும். வேண்டாம், ரூபாவிலேயே என்று அழுத்துங்கள். ஒத்துக்கொண்டால் அந்த மாற்று விலையில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். கடன் அட்டையை மிகக் குறைவாகப் பாவித்தேன். பெரும்பாலான கனடா அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 வீதம் எடுக்கின்றன. அதற்கு மேல் இங்கே ஒரு கடையில் "அட்டை என்றால் மூன்று வீதம் கூட" என்றார்கள். அப்படி வாடிக்கையாளரிடம் வாங்கக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறதே என்றேன். "அப்ப காசாத் தாங்கோ அண்ணை" என்றார், சிரித்துக்கொண்டே.

இயந்திரம் தருவதெல்லாம் 5000 ரூபாத் தாள். ஓட்டோக்காரர் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவார். நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாதான், அங்கே போய் 5000 ரூபாவை நீட்ட முடியுமா? சூப்பர் மார்க்கெட்டில் ஏதாவது வாங்கி முதலிலேயே மாற்றி வைப்பது வசதி. திருவிழா நாட்களில் இன்னொன்றும் உண்டு. ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே சட்டைப் பை என்ற பேச்சே இல்லை. அன்றைக்குத் தேவையான சில்லறையை வேட்டி மடியில் செருகிக்கொண்டு அட்டை, கடவுச்சீட்டு எல்லாவற்றையும் வீட்டில் விட்டுப் போனேன். நகை கவனம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கனடாவில் இருந்து வந்த எங்கள் பெண்கள்தான் அதைக் காதில் வாங்குவதில்லை.

டொலர்த் தாள் மாற்றுவதற்கு வங்கிக் கிளையே போதும். கடவுச்சீட்டு கேட்டார்கள், வேலை சுருக்காக முடிந்தது, காசாளர் பிள்ளையும் பொறுமையாகப் பேசினார். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் வங்கி பூட்டு என்பதை மட்டும் நாட்காட்டியில் பாருங்கள். "வங்கியை விட ரெண்டு ரூபா கூடத் தருவார், தெரிஞ்ச ஆள்" என்று மச்சான்மார் வருவார்கள். 2022 மார்ச் வரை அமெரிக்க டொலரை 200 ரூபாவை ஒட்டிக் கட்டி வைத்திருந்தார்கள். விட்டதும் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அந்தக் காலத்தில் பலர் உண்டியலுக்கு, அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு மாற்றுவதற்கு, போனதற்கு ஒரு காரணமாவது இருந்தது. இப்போது இரண்டு ரூபாவுக்காகப் பற்றுச்சீட்டு இல்லாத காசை வாங்கி, அதில் கள்ளத்தாள் இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

பெரியம்மா ஒரு நாள் அலுமாரியைத் திறந்து, சேலைக்கு அடியில் இருந்து ஒரு கடித உறையை எடுத்தா. லண்டனில் இருந்தும் சுவிஸில் இருந்தும் வந்தவர்கள் வருடக்கணக்காகக் கையில் வைத்துவிட்டுப் போன தாள்கள். "இதை எங்க மாத்திறது தம்பி?" பவுண்ஸில் 20, 50 எல்லாம் பழைய கடதாசித் தாள்கள். அவை 2022 செப்டெம்பர் 30க்குப் பிறகு செல்லாது. சுவிஸ் பிராங்கும் 2021 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்ட பழைய வரிசை. யாழ்ப்பாணத்தில் எடுக்கமாட்டார்கள். ஆனால் காசு போகவில்லை, இங்கிலாந்து வங்கியும் சுவிஸ் தேசிய வங்கியும் இன்றைக்கும் மாற்றித் தரும். அங்கே போகிற சொந்தக்காரர் ஒருவர் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். பெரியவர்களுக்குக் கொடுப்பதென்றால் ரூபாவாக மாற்றிக் கொடுங்கள், அலுமாரியில் கிடந்து காலாவதியாகாது.

மிச்சக் காசை ஊர் வங்கியில் போட்டுவிட்டு வரலாமா என்றும் கேட்கிறார்கள். 2022, 23இல் இருந்த 20 வீத வட்டியை மறந்துவிடுங்கள், அது போய்விட்டது. வட்டியில் 10 வீதம் வரியாகக் கழிப்பார்கள். வங்கி முறிந்தால் கிடைக்கிற வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரைதான். அதற்கு மேல் ஒரே இடத்தில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதைவிட முக்கியம், யாரிடமும் தொகை சொல்லாதீர்கள். வீட்டு வேலைக்கு மேசனுக்கு நான் என்ன கொடுத்தேன் என்பது எனக்கு முன்னமே சந்திக் கடைக்குத் தெரிந்திருந்தது.

திரும்பும்போது ரூபாவை மாற்ற நினைத்தால் அந்த முதல் பற்றுச்சீட்டைக் கேட்பார்கள். என்னிடம் இருந்தது, ஆனால் மிச்சம் அதிகமில்லை. அம்மாவின் மின்சாரக் கணக்கில் முற்பணமாகக் கட்டிவிட்டு பஸ் ஏறினேன்.