டொபிக்கா, சப்ஜெக்டா, தீமா? ஒரு கூத்துத் தாள் எழுதப் போய் நான் எடுத்த முடிவு

எங்கள் ஊர்ப் பொடியன்கள் வடமோடிக் கூத்து ஒன்றை அரங்கேற்றினார்கள். வெளியூரிலிருந்து தமிழ் தெரியாத ஆட்களும் வருகிறார்கள், ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். மட்டக்களப்புக் கல்லடியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறவன் என்றால் இது வந்து சேரும்தான். முதல் வசனத்திலேயே நின்றுவிட்டேன். "இந்தக் கூத்தின் ... அபிமன்யுவின் கதை" என்று எழுத வேண்டும், அந்த இடைவெளியில் எந்தச் சொல்? நான் சப்ஜெக்ட் என்று போட்டேன். இன்னொரு தடவை எழுதினாலும் அதைத்தான் போடுவேன்.

டொபிக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கதைப்பதற்கும் விவாதிப்பதற்கும் பரீட்சைக் கட்டுரைக்கும் அதுதான் சரி. வாய் திறக்க முன்னமே நடுவில் எடுத்து வைக்கிற விடயம் அது. பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்கு எடுக்கிறதையும் டொபிக் என்றுதான் சொல்கிறோம், அதை மாற்றத் தேவையில்லை. கிரேக்கத்தில் இடம் என்று பொருள்படும் 'டொப்போஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. தோலில் பூசுகிற மருந்துக் குழாயில் 'டொபிகல்' என்று இருப்பதும் அதே வேரால்தான், அந்த இடத்தில் மட்டும் பூசு என்று அர்த்தம். ஆனால் விடிய விடிய ஆடுகிற கூத்துக்கு ஒரு டொபிக் இருக்கிறது என்று சொன்னால் அது ஏதோ கருத்தரங்கு மாதிரி ஆகிவிடும். அதனால் அதை உடனேயே விட்டுவிட்டேன்.

உண்மையான போட்டி சப்ஜெக்டுக்கும் தீமுக்கும்தான். நம் ஆட்களுக்குக் கை தானாகவே தீமுக்குப் போகும், அதற்குக் காரணமும் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்த விழா, எந்தச் சிரமதானம், எந்த இரத்ததான முகாம் என்றாலும் பதாகையில் "என்னும் தொனிப்பொருளில்" என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொனிப்பொருளை ஆங்கிலத்தில் தீம் என்று எழுதுவது சரி. அந்தப் பழக்கத்தில் கதைக்கும் படத்துக்கும் கூத்துக்கும் தீம் என்று எழுதிவிட்டு, அதற்குப் பக்கத்தில் 'போர்' என்று ஒற்றைச் சொல்லை வைக்கிறோம் பாருங்கள், அங்கேதான் பிழைக்கிறது. போரைப் பற்றி என்ன? போர் நல்லதா, கெட்டதா, யாரைத் தின்றது? தீம் என்ற சொல்லைப் போட்ட உடனே வாசிக்கிறவன் ஒரு எண்ணத்தை எதிர்பார்க்கிறான். அது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. கட்டினால் போட்டே ஆக வேண்டும்.

இதை எனக்குத் தெளிவாக்கியது ஒரு அகராதியும் இல்லை, கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார்தான். ஒத்திகை நடந்த களரி ஓரம் மத்தளத்தை மடியில் வைத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். இது எதைப் பற்றிய கூத்து என்று கேட்டேன். "அபிமன்யுட சண்டை, பதிமூணாம் நாள்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வாரை இழுத்துத் தட்டிப் பார்த்தார், சுதி இன்னும் ஏறவில்லை, திரும்பவும் இழுத்தார். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "உள்ளுக்குப் போகத் தெரிஞ்ச பொடியன் மனே. வெளிய வரத் தெரியா."

முதலில் சொன்னது சப்ஜெக்ட். இரண்டாவதாகச் சொன்னது தீம்.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு நான் கொடுக்கிற சோதனை இதுதான்: பதிலை ஒரு பெயர்ச்சொல்லில் முடிக்க முடிந்தால் அது சப்ஜெக்ட். ஒரு முழு வசனம் வேண்டும், அதோடு ஒருவர் மறுத்துப் பேசவும் இடம் இருக்கும் என்றால் அது தீம். "வாவி மீனவர்கள்" என்பதை யார் மறுக்க முடியும்? "கடலை நம்பினவன் வீட்டில் எப்போதும் ஒரு ஆள் காத்துக்கொண்டே இருக்கும்" என்றால் மறுக்கலாம், ஒப்புக்கொள்ளலாம், கண்ணீரும் விடலாம். அண்ணாவியாரின் வரியைக் கேட்ட இன்னொருவர், இல்லை, இது தனியே விட்டுப்போன பெரியவர்களைப் பற்றியது என்று சொல்லக்கூடும், அதுவும் நியாயம்தான். ஒரு படைப்புக்கு சப்ஜெக்ட் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், தீம் ஆளுக்கு ஆள் மாறும். அறிமுகத் தாள் எழுதுகிறவன் பார்க்கிறவனுக்கு முன்னமே தீமை முடிவு செய்து கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதும் இல்லை. இன்றைக்கு தீமுக்குக் கருப்பொருள் என்று எழுதுகிறோம், ஆனால் திணை இலக்கணத்தில் கருப்பொருள் என்பது அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எல்லாம். நெய்தலின் இரங்கல், மருதத்தின் ஊடல் என்று வருகிறதே, அந்த நிலத்துக்குரிய உணர்வு, அது உரிப்பொருள். தீமுக்குக் கிட்ட நிற்பது அந்த உரிப்பொருள்தான் என்பது என் எண்ணம். வாவியும் வயலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிற நம் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

சப்ஜெக்டிலும் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. பள்ளிப் பாடமும் அதுதான், வசனத்தின் எழுவாயும் அதுதான், அரசனுக்குக் கீழ்ப்பட்ட குடிமகனும் அதுதான். கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, போனால் "இந்த சப்ஜெக்ட் ஆரிட்ட?" என்று கேட்டுத்தான் மேசையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிலிருந்து பிறந்த 'சப்ஜெக்டிவ்' என்ற சொல்லோ அவரவர் மனப்போக்கு என்று வேறு பக்கம் போய்விட்டது. அந்த வகையில் தீம் நல்ல குடும்பம், 'தெமாட்டிக்' இன்னும் அதே பொருளில்தான் நிற்கிறது. குழப்பம் வரும் என்று பயந்தால் 'சப்ஜெக்ட் மேட்டர்' என்று நீட்டி எழுதலாம், கொஞ்சம் கனமாக இருக்கும், ஆனால் பிழைக்காது. ஓவியத்துக்கும் புகைப்படத்துக்கும் இந்தக் குழப்பமே இல்லை, அதில் இருக்கிற ஆள் அல்லது பொருள்தான் சப்ஜெக்ட்.

மோட்டிஃபை நான் அதிகம் பாவித்ததில்லை. திரும்பத் திரும்ப வருகிற ஒரு சிறு உருவத்துக்கோ ஒலிக்கோ அது பொருந்தும், முழுக் கூத்தும் எதைப் பற்றியது என்று சொல்ல அது போதாது.

கடைசியில் தாளில் இரண்டு வசனம் வைத்தேன். முதலாவது சப்ஜெக்ட். இரண்டாவது அண்ணாவியார் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில், தீம் என்ற பெயர்ப்பலகை இல்லாமல், அவர் வாய்ச்சொல்லாகவே. தமிழில் சொல்லிக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பொடியன்ட கதைய மேல போடு மனே" என்றார். மாற்றிப் போட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.