வீட்டில் செய்த டிஜே மிக்ஸ்களைப் பகிர க்யூபிட்டொரன்ட்: காரைக்குடியிலிருந்து ஓராண்டு அனுபவம்

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் உள்ள ஓர் அறையில் அமர்ந்து மூன்று ஆண்டுகளாக டிஜே மிக்ஸ்கள் செய்து வருகிறேன். திரைப்பாடல்களை எடுத்துக் கோப்பதில்லை. மாசி பங்குனித் திருவிழா நாள்களில் முத்துமாரியம்மன் கோயில் வீதியில் முழங்கும் மேளம், சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலின் ஆரவாரம், பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் பாடும் கும்மி, நாதசுரக் கலைஞர் ஒருவர் எனக்காகவே எங்கள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், அமர்ந்து வாசித்துக் கொடுத்த மல்லாரி ஆகியவற்றை நானே பதிவு செய்து, கணினியில் உருவாக்கிய தாளங்களோடு இழைத்து, ஒரு மணி நேரத் தொகுப்பாக்குகிறேன். கேட்பவர்கள் சிலர்தாம். தேவகோட்டையில் மைக்செட் வாடகைக்கு விடும் நண்பர், பினாங்கில் இருக்கும் பெரியப்பா மகன், கோவையில் படிக்கும் மூன்று மாணவர்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பள்ளித் தோழர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் இவர்கள் பெரிய ஸ்பீக்கர்களில் கேட்பவர்கள். சிலர் என் மிக்ஸை வெட்டித் தங்கள் மிக்ஸில் சேர்ப்பவர்கள். அவர்களுக்கு ஒலி சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே, ஓராண்டுக்கு முன்பு கோப்புகளைப் பகிர உதவும் க்யூபிட்டொரன்ட் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

அதற்கு முன்பு இணைய இசைத்தளம் ஒன்றில்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்தத் தளம் எல்லாக் கோப்புகளையும் தனக்கேற்ற அளவுக்குச் சுருக்கிவிடும். அதையாவது பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் என் மிக்ஸிலிருந்த மல்லாரி வேறொருவரின் இசைத்தொகுப்புக்கு உரியது என்று தானியங்கி முறையில் முடிவு செய்து, மிக்ஸையே நீக்கிவிட்டார்கள். மல்லாரி என்பது சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டை ராகத்தில் காலங்காலமாக வாசிக்கப்படுவது. இரண்டு கலைஞர்கள் வாசிக்கும்போது ஒற்றுமை இருக்கத்தான் செய்யும். இரண்டு முறை எழுதியும் எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் வளவில் என் கண்முன் வாசிக்கப்பட்ட ஒன்றை என்னுடையதல்ல என்று ஓர் இயந்திரம் சொன்னது என்னை மிகவும் வருத்தியது.

கோப்பின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வழியில் பகிர்வது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. குறுந்தகட்டுத் தரத்தில், சுருக்கப்படாத ஒரு மணி நேர வேவ் கோப்பு சுமார் 635 எம்பி வரும். 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 144 எம்பி. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் என் மிக்ஸ்கள் பெரும்பாலும் 380 எம்பி அளவில் நிற்கின்றன. வெறுமனே கேட்பவருக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும், வேறுபாடு காதுக்குத் தெரிவது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேவகோட்டை நண்பர் அதை வெட்டி, வேகம் மாற்றி, மறுபடியும் எம்பி3 ஆக்கி இன்னொருவருக்குக் கொடுத்து, அவரும் அவ்வாறே செய்யும்போது, உறுமியின் இழுவை மழுங்கி, ஜால்ரா ஒலி தகரம் கீறுவது போல் ஆகிவிடுகிறது. ஆகையால் மூலம் ஃப்ளாக்கில்தான் போக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இணையத்தில் பாட்டுகளைப் பகிரும் நேப்ஸ்டர் என்ற மென்பொருள் 1999இல் வந்தபோது, யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் ஒரு மைய சர்வரில் இருந்தது. 2001இல் அதை நிறுத்தியதும் எல்லாம் நின்றுவிட்டது. பிராம் கோஹன் அதே 2001இல் வெளியிட்ட பிட்டொரன்ட் முறையில், கோப்பு சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டு கிடைத்தவுடனேயே அதைப் பெற்றவர் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்குகிறார். தருபவருக்கே முதலில் தருவது என்பது அந்த முறைக்குள்ளேயே எழுதப்பட்ட விதி. மொய் நோட்டு எழுதிப் பழகிய நம் பக்கத்தவருக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. என் இணைப்பில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 4 மெகாபிட் மட்டுமே. ஒருவருக்கு 380 எம்பி அனுப்ப 13 நிமிடம் ஆகிறது. ஆறு பேருக்கும் தனித்தனியே அனுப்பினால் சுமார் 76 நிமிடம். பிட்டொரன்ட் முறையில் இயங்கும் க்யூபிட்டொரன்டில், ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு துண்டுகளைக் கொடுக்கும் சூப்பர் சீடிங் என்ற வசதியை இயக்கி, ஆறு பேரும் ஒரே இரவில் இறக்கியபோது, என் கணினி அனுப்பியது இரண்டு பிரதிகளுக்கும் குறைவாகவே இருந்தது. மீதியை அவர்களே தங்களுக்குள் பரிமாறிக்கொண்டார்கள்.

மென்பொருளைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. விளம்பரம் கிடையாது, மூல நிரல் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை. டூல்ஸ் பட்டியலில் உள்ள டொரன்ட் கிரியேட்டரைத் திறந்து, கோப்பைக் காட்டி, துண்டின் அளவைத் தேர்ந்தெடுத்தால் போதும். 512 கேபி என்று வைத்தால் என் மிக்ஸ் எழுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகும். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தாலும் பினாங்கில் அப்படியே தெரிகிறது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. இப்படி உருவாவதுதான் டொரன்ட், அதாவது மிக்ஸின் துண்டுகளைப் பற்றிய விவரக் குறிப்பு. அதைக் கண்டுபிடிக்க உதவும் இணைப்பான மேக்னட் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன்.

முதல் முறை செய்தபோது ஒரு பிழை நேர்ந்தது. குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் மட்டுமே என்பதால், ‘பிரைவேட்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அந்தக் குறியின் பொருள் வேறு. டிஹெச்டி எனப்படும் பொது வலையின் மூலம் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கும் வழியை அது அடைத்துவிடும். யாரிடம் கோப்பு இருக்கிறது என்று சொல்லும் சர்வரான ட்ராக்கர் ஒன்றின் மூலமாக மட்டுமே கண்டுகொள்ள முடியும். நான் ட்ராக்கர் முகவரி எதையும் கொடுத்திருக்கவில்லை. இரண்டு நாள்கள் யாருக்கும் ஒரு துண்டுகூடப் போகவில்லை. புதிதாகச் செய்பவர்கள் அந்தக் கட்டத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. இன்னொரு முறை, டொரன்ட் உருவாக்கிய பிறகு கோப்பின் உள்விவரத்தில் நாதசுரக் கலைஞரின் பெயரிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினேன். ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டு வைக்கப்பட்ட ஹேஷ் என்னும் சரிபார்ப்பு எண் அத்துடன் பொருந்தாமல் போயிற்று. ஓர் எழுத்து மாறினாலும் அந்தத் துண்டு செல்லாது. இது குறையன்று, வழியில் யாரும் கோப்பைக் கெடுக்க முடியாதபடி காக்கும் ஏற்பாடு. ஆனால் திருத்த வேண்டியதையெல்லாம் முன்பே திருத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல்களும் உண்டு. செட்டிநாட்டுச் சுவர்களின் கனத்தை அறிந்தவர்களுக்கு, முகப்பில் வைத்த வைஃபை இரண்டாங்கட்டுக்கு எட்டாது என்று சொல்ல வேண்டியதில்லை. வளவின் ஓரமாகக் கேபிள் இழுத்த பிறகுதான் இணைப்பு நிலைத்தது. அடுத்தது ஐபி முகவரி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண். இணையச் சேவை நிறுவனம் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத் தந்திருந்தது. அந்நிலையில் நாம் வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் நம்மிடம் வர முடியாது. இரு பக்கமும் அப்படியே இருந்தால் பெரும்பாலும் இணைப்பே நிகழாது. தேவகோட்டையும் காரைக்குடியும் சில கல் தொலைவில் இருந்துகொண்டு ஒன்றையொன்று காணாமல் இருந்தது இதனால்தான். ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி தரக்கூடிய புதிய முறையான ஐபிவி6ஐ இரு வீட்டிலும் இயக்கியபின் அது தீர்ந்தது. வெளியிலிருந்து இணைப்பு வருகிறதா என்பதை மென்பொருளின் கீழ்ப்பட்டியில் உள்ள சிறு குறியீடே காட்டிவிடும். முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

மின்சாரம்தான் உண்மையான தடை. யாரேனும் ஒருவரின் கணினியாவது ஓடிக்கொண்டிருந்தால்தான் கோப்பு உயிரோடு இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மாலை வரை மின்சாரம் நிற்கும் நாள்களில் எல்லாம் அணைந்துவிடுகிறது. பெரிய கணினியை இரவு பகலாக ஓட விடுவதும் சரியில்லை. அதனால் ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கணினி ஒன்றை வாங்கி, திரை இல்லாமல் இயங்கும் க்யூபிட்டொரன்ட் நாக்ஸ் பதிப்பை அதில் நிறுவினேன். 5 வாட் அளவில் இயங்குவதால் மாதம் முழுவதும் ஓடினாலும் 4 யூனிட்டுக்குள் அடங்குகிறது. ஃபோனின் பிரௌசரிலிருந்தே அதை நிர்வகிக்கலாம். அந்த நிர்வாகப் பக்கத்தை வீட்டுக்கு வெளியே திறந்துவிடாமல், கடவுச்சொல்லையும் மாற்றிக்கொள்ள வேண்டும். கணினியை ஓட விட்டு வைக்க இயலாதவர்களுக்கு, இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் இலவச இணைய நூலகம் நல்ல வழி. அங்கே ஏற்றும் சொந்தப் படைப்புகளுக்கு அவர்களே டொரன்ட் உருவாக்கி, தங்கள் சர்வரிலிருந்தும் துண்டுகளைக் கொடுக்கிறார்கள். 2012 முதல் இந்த வசதி இருக்கிறது.

ஃபோனில் மட்டும் கேட்பவர்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்ட்ராய்டில் லிப்ரெடொரன்ட் போன்ற செயலிகள் உண்டு என்றாலும், பேட்டரியும் டேட்டாவும் கரைந்துபோகும், இறக்கிய கையோடு செயலியை மூடிவிடுவதே மனித இயல்பு. என் சித்தப்பாவுக்கும் அத்தை மக்களுக்கும் எம்பி3 கோப்பை வாட்ஸ்அப்பில் ஆவணமாகவே அனுப்புகிறேன்.

பிட்டொரன்ட் முறையைப் பயன்படுத்துவது குற்றமன்று. பிறருக்கு உரிமையுள்ளதை அனுமதியின்றிப் பகிர்வதுதான் குற்றம். பழைய கிராமஃபோன் தட்டுகளிலிருந்து எடுக்கலாமா என்று மாணவர்கள் கேட்டார்கள். காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பன் இசைத்தட்டு வணிகத்தில் தொடங்கியவர் என்பதால், அந்தத் தட்டுகள் மீது இந்த ஊரில் பலருக்கும் ஒரு பற்று உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. ஆனால் பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமை அவர்கள் மறைந்து 60 ஆண்டுகள் வரை தனியே நீடிக்கும். இரண்டையும் பார்க்காமல் தொடக்கூடாது. பாடியவர், வாசித்தவர் ஆகியோரின் ஒப்புதலும் வேண்டும்.

அந்த ஒப்புதலைப் பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. என் நான்காவது மிக்ஸில் ஓர் ஆச்சி பாடிய தாலாட்டைச் சேர்த்திருந்தேன். பதிவு செய்யும்போது, “தம்பி, இதை யார் யார் கேப்பாக?” என்று கேட்டார். “நம்ம பிள்ளைகள்தான் ஆச்சி” என்றேன். அப்போது அது உண்மை என்றே நம்பினேன். சில மாதங்களில் அந்த வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்தது. எந்தப் பேரனுக்காகப் பாடினாரோ, அவனே இல்லாமல் போனான். தன் குரலை எடுத்துவிடும்படி ஆச்சி சொல்லியனுப்பினார். அன்றே என் பக்கத்தில் நிறுத்தினேன். தாலாட்டு இல்லாத புதிய மிக்ஸை வேறு டொரன்டாக வெளியிட்டேன். ஆனால் பழைய டொரன்டைத் திரும்பப் பெற இம்முறையில் வழியே இல்லை. தெரிந்த ஆறு பேரிடமும் ஃபோனில் பேசினேன், எல்லாரும் அழித்துவிட்டார்கள். அதன் பிறகும், கோப்பைப் பகிர்பவர்களைக் காட்டும் பியர் பட்டியலில் இரண்டு ஐபி முகவரிகள் முழுக் கோப்புடன் நிற்கின்றன. மேக்னட் லிங்கை யாரோ யாருக்கோ அனுப்பியிருக்க வேண்டும். அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இப்போது பதிவுக்குப் போகும்போதெல்லாம், ஒருமுறை போனால் திரும்ப வாங்க முடியாது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மைக்கை எடுக்கிறேன். ஆச்சியிடம் இன்னும் அந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவில்லை.