ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றிய இன்சர்ட்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் ஒரு பெட்டியைத் திறக்க முடியாமல் அதன் மூடியை உடைத்தேன். இரண்டு நாள் கழித்து நண்பர் ஒருவர், "3டி பிரின்ட் பண்ற பார்ட்ல பித்தளை இன்சர்ட் வைக்கிறீங்களே, நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். மூன்று வருடமாக வைக்கிறேன், முந்நூறுக்கு மேல் பதித்திருப்பேன். இருந்தும் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்சர்ட் என்பது உள்ளே மரை வெட்டிய சின்னக் குழாய்; சால்டரிங் அயர்ன் என்ற சூட்டுக்கோலால் சூடாக்கி அதைப் பிளாஸ்டிக் துளைக்குள் அழுத்திப் பதிப்போம், ஸ்க்ரூ அதில் ஏறும். இதையெல்லாம் ஏற்கெனவே செய்துபார்த்தவர்களுக்கான பதிவு இது. கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் எல்லாரையும் போல நானும் பிளாஸ்டிக்கிலேயே நேராக ஸ்க்ரூ ஏற்றிக்கொண்டிருந்தேன். முதல் தடவை அருமையாகப் பிடிக்கும். கழற்றி மாட்டக் கழற்றி மாட்ட ஸ்க்ரூ ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மரையை வெட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் துளைக்குள் மாவு மாதிரி தூள்தான் மிஞ்சும். இன்சர்ட் வைத்த பிறகு அந்தத் தொல்லை அடியோடு போனது. எம்3 (3 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூ பித்தளை மரைக்குள் இறங்கும்போது விரலுக்குத் தெரிகிற அந்த வழுவழுப்பு இருக்கிறதே, அதற்காகவே சில பார்ட்டுகளைத் தேவையில்லாமல் கழற்றி மாட்டியிருக்கிறேன். ஒரு சர்க்யூட் போர்டு பெட்டியை நாற்பது தடவையாவது திறந்திருப்பேன். ஒரு மரைகூடத் தேயவில்லை.

உடைந்தது அதே பெட்டிதான். எட்டு ஸ்க்ரூ, பெட்ஜி என்ற பிளாஸ்டிக்கில் அச்சிட்டது. ஏழு ஸ்க்ரூ சமர்த்தாக வந்தன. எட்டாவது சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வரவில்லை. உள்ளே இன்சர்ட்டும் கூடவே சுற்றுகிறது. பிளாஸ்டிக் மரை கெட்டுப்போனால் ஸ்க்ரூ பிடிக்காது, அவ்வளவுதான், கையோடு வந்துவிடும். இது அப்படி இல்லை. ஸ்க்ரூவின் தலை மூடியைப் பிடித்திருக்கிறது, அடியில் இன்சர்ட் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கிறது, இன்சர்ட்டைப் பிடிக்க மட்டும் ஆள் இல்லை. இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது. மூடிக்கு அடியில் தட்டை ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பிக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். ஸ்க்ரூ தலையில் அயர்னை வைத்துச் சூடேற்றினேன். இன்சர்ட் இளகுவதற்கு முன்னால் மூடி இளகியது. கடைசியில் மூடியின் மூலையை உடைத்துவிட்டு, குறடால் ஸ்க்ரூவைப் பிடித்து இன்சர்ட்டோடு சேர்த்து உருவினேன்.

வெளியே வந்ததை வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கதை புரிந்தது. இன்சர்ட்டின் வெளிப்பக்கத்தில் எதிரெதிராகச் சாய்ந்த வரிகள் இரண்டு அடுக்காக இருக்கும், நடுவில் ஒரு பள்ளம் ஓடும். உருகிய பிளாஸ்டிக் அந்த வரிகளுக்குள் போய் உறைந்தால்தான் இன்சர்ட் சுற்றாது. பள்ளத்தில் உறைந்தால்தான் மேலே பிடுங்கிக்கொண்டு வராது. என் கையில் இருந்ததன் கீழ் அடுக்கில் பிளாஸ்டிக்கே இல்லை, கடையில் வாங்கியபோது இருந்ததுபோல் பளபளத்தது. ஸ்க்ரூவின் நுனியிலோ பிளாஸ்டிக் கெட்டியாகச் சுருண்டிருந்தது. பக்கவாட்டில் போகவேண்டியது அடியில் போய், உள்மரைக்குள் ஏறி அடைத்திருக்கிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: பதிக்கும்போது அவசரமாக அழுத்தியது. பித்தளை, பிளாஸ்டிக்கைவிடப் பல நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அயர்ன் தொட்டதும் இன்சர்ட் சூடாகிவிடும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்குக்குத்தான் நேரம் வேண்டும். அயர்னின் எடையே மெதுவாக இறக்கினால் பிளாஸ்டிக் வரிகளுக்குள் வழிந்து நிறைகிறது. கையால் தள்ளினால் அரைகுறையாக இளகிய பிளாஸ்டிக்கை இன்சர்ட் சுரண்டிக்கொண்டு கீழே போகிறது. அதாவது ஒரே அவசரத்தில் வெளியே பிடி குறைகிறது, உள்ளே ஸ்க்ரூ இறுகுகிறது. முதல்முறை ஸ்க்ரூ போட்டபோது கடைசி இரண்டு சுற்று இறுக்கமாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. நல்ல பிடி என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவை திறந்தபோதும் அந்த இறுக்கம் வரிகளைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்திருக்கிறது. இரண்டு வருடம் அப்படியே ஓடியிருக்கிறது.

என்னால் தாங்கமுடியாதது இதுதான். தவறு நடந்தது இரண்டு நொடியில், தெரிந்தது இரண்டு வருடம் கழித்து. வெளியிலிருந்து பார்த்தால் நன்றாகப் பதிந்ததும் சரியாகப் பதியாததும் ஒரே மாதிரி, மேற்பரப்போடு சமமாக, அழகாகத்தான் இருக்கின்றன. சாய்ந்து பதிந்தால் கண்ணுக்குத் தெரியும், சரிசெய்யலாம். துளை பெரிதாகிவிட்டால் அப்போதே கையோடு வந்துவிடும். இது மட்டும் ஒளிந்துகொள்கிறது.

நியாயமாகச் சொன்னால் இன்சர்ட் மேல் பழி இல்லை. ஆனால் பாக்கெட்டில் 'எம்3' என்று மட்டும் போட்டு விற்பவர்கள் மேல் கொஞ்சம் உண்டு. எம்3 என்பது உள்மரை அளவு மட்டுமே. வெளிவிட்டம் 4.2 மி.மீ. இருக்கும், 4.6 இருக்கும், 5 இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் துளை வேறு. 4.6 மி.மீ. விட்டமும் 5.7 மி.மீ. நீளமும் உள்ளதற்கு நான் 4 மி.மீ. துளை விடுகிறேன். அச்சில் துளை எப்போதும் கொஞ்சம் சுருங்கித்தான் வரும், அதனால் முதலில் ஒரு சோதனைத் துண்டு அச்சிட்டுப் பார்ப்பது வழக்கம். கீழ்முனை சற்றே குறுகியிருக்கும் வகையைத்தான் வாங்குகிறேன்; மேலும் கீழும் ஒரே விட்டம் உள்ளது நேராக நிற்கவே அடம்பிடிக்கிறது.

ஆழத்தில்தான் பெரும்பாலோர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். இன்சர்ட் நீளத்துக்கு மேல் குறைந்தது இரண்டு மூன்று மி.மீ. காலியிடம் வேண்டும், உருகியது போய்த் தேங்கவும், ஸ்க்ரூ நுனி முட்டாமல் இருக்கவும். துளையைச் சுற்றி நான்கு சுவராவது ஸ்லைசரில் (மாதிரியை அச்சு அடுக்குகளாக வெட்டித்தரும் மென்பொருள்) கொடுங்கள், இல்லாவிட்டால் இன்ஃபில்லின் (சுவர்களுக்கு உள்ளே வரும் வலை போன்ற நிரப்பு) வெற்றிடத்தில்தான் பித்தளை பதியும். மூடியில் ஸ்க்ரூ நுழையும் துளை 3.4 மி.மீ. போதும். தாராளமாக 5 மி.மீ. விட்டால் மூடி இன்சர்ட் மேல் உட்காராது. இறுக்க இறுக்க ஸ்க்ரூ இன்சர்ட்டை மேலே இழுத்துவிடும். அயர்ன் சூடு எனக்கு பிஎல்ஏ பிளாஸ்டிக்குக்கு 220 டிகிரி, பெட்ஜிக்கு 240. ஈயம் ஒட்டிய நுனியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், மரைக்குள் ஏறிவிடும்.

ஒளிந்துகொள்ளும் அந்தத் தவறைப் பிடிக்க இப்போது ஒரே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முழுதாக ஆறிய பிறகு, நீளமான ஸ்க்ரூ ஒன்றை ஆலன் கீ இல்லாமல் இரண்டு விரலால் மட்டும் சுற்றி இறக்குவேன். இன்சர்ட்டின் அடிவரை தடையில்லாமல் போகவேண்டும். எங்காவது இறுகினால் அங்கேயே நிறுத்திவிட்டு, மரை வெட்டும் டேப்பை விட்டுச் சுத்தம் செய்வேன். டேப் சுற்றும்போது இன்சர்ட் அசைந்தால், மறுபடி சூடேற்றிப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பதிப்பேன்.

நண்பருக்கு வேண்டாம் என்றுதான் பதில் அனுப்பினேன். அறுகோணக் குழி விட்டு நட்டு வைத்துக்கொள்ளுங்கள். நட்டு சுற்றினால் குழியைப் பார்த்தே தெரிந்துவிடும் என்றேன். இப்போதைக்கு அதில் மாற்றமில்லை.

பெட்டிக்குப் புது மூடி அச்சிட்டுவிட்டேன். எட்டாவது ஸ்க்ரூ இருந்த துளையை அடிவரை டிரில் செய்து பின்பக்கம் ஒரு நட்டு போட்டாயிற்று. மற்ற ஏழு இன்சர்ட்டையும் பிடுங்கிவிடலாம் என்றுதான் அயர்னைச் சூடேற்றினேன். அதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் விரலால் ஸ்க்ரூவை விட்டுப் பார்த்தேன். ஏழிலும் தடையில்லாமல் அடிவரை போனது. அயர்னை அணைத்துவிட்டு அவற்றின் மேலேயே மூடியை மாட்டினேன்.