நாப்லான் கணினித் தேர்வு: வினாத்தாளுக்கு நல்ல மதிப்பெண், முதல் நாள் காலைக்குப் பாதிதான்

ஆஸ்திரேலியாவில் மார்ச் பிறந்தாலே பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் நாப்லான் பேச்சுதான். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய வகுப்புப் பிள்ளைகளின் மொழித்திறனையும் கணக்குத்திறனையும் சோதிக்கும் இந்தத் தேசியத் தேர்வு 2008-இல் தாளில் தொடங்கியது. 2018-இல் ஒரு பகுதிப் பள்ளிகள் கணினிக்கு மாறின. 2020-இல் கொரோனாவால் தேர்வே நடக்கவில்லை. 2022-க்குள் ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் மாறிவிட்டன. சில விதிவிலக்குகளைத் தவிர, இன்று தாளில் மிஞ்சியிருப்பது மூன்றாம் வகுப்பின் எழுத்துத் தேர்வு (கதை அல்லது கட்டுரை எழுதுவது) மட்டும்தான். அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் மென்பொருள் ஒன்றே. அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் பெற்றோரை மனதில் வைத்து, இதைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஒரு பொருளாகவே இங்கே மதிப்பிடுகிறோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். தாள் காலத்தில் வகுப்பு முழுவதற்கும் ஒரே கேள்விகள். பின்தங்கிய பிள்ளை இரண்டாம் பக்கத்திலேயே திணறி உட்கார்ந்துவிடும். முன்னணிப் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்க்கும். இருவரைப் பற்றியும் அந்தத் தாள் ஒன்றும் சொல்லாது. கணினித் தேர்வில், வாசிப்பிலும் கணக்கிலும் முதல் வினாத்தொகுதி எல்லோருக்கும் ஒரே கடினத்தில் வருகிறது. அதை எப்படிச் செய்தார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் தொகுதி எளிதாகவோ கடினமாகவோ அமையும். கடைசித் தொகுதி மூன்று நிலைகளில் இருக்கும். கடினமான பாதையில் போனவருக்கு அதற்கேற்ற எடை உண்டு. அதனால் இரண்டு பிள்ளைகள் ஒரே எண்ணிக்கையில் சரியாக எழுதியிருந்தாலும் மதிப்பெண் வேறாக வரலாம். "எத்தனை சரி?" என்று வீட்டில் கேட்டுப் பயனில்லை. "கடைசியில் வந்ததெல்லாம் ரொம்பக் கஷ்டம்" என்று முகம் தொங்கி வரும் பிள்ளை, உண்மையில் மேல் பாதையில் போயிருக்கக்கூடும்.

திரையும் மோசமில்லை. வாசிப்பில் பத்தி இடப்பக்கம், கேள்வி வலப்பக்கம். சந்தேகமான கேள்விக்குக் கொடி குத்திவிட்டுப் பிறகு திரும்பலாம். நேரம் காட்டும் கடிகாரம் பதற்றம் தந்தால் மறைத்துவைக்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்க வெற்றுத்தாள் தருவார்கள், முடிந்ததும் வாங்கிவிடுவார்கள். இந்தத் தாளைப் பயன்படுத்தாமல் திரையைப் பார்த்தே மனக்கணக்குப் போடும் பிள்ளைகள் நிறைய. அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே மாற்றிவிடுங்கள். மூன்று, ஐந்தாம் வகுப்புகளுக்குக் கால்குலேட்டர் கிடையாது. ஏழு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு முதலில் கால்குலேட்டர் இல்லாத பகுதி வரும், பிறகுதான் திரையில் கால்குலேட்டர் தோன்றும். இரண்டாம் பகுதிக்குப் போய்விட்டால் முதல் பகுதிக்குத் திரும்ப வழியில்லை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கொடி குத்திவிட்டு வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மொழி மரபுத் தேர்வு (எழுத்துக்கூட்டல், இலக்கணம், நிறுத்தக்குறி) எல்லா வகுப்புக்கும் 45 நிமிடம். எழுத்துக்கூட்டல் பகுதியில் சொல்லைக் காதால் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும், ஆகவே ஹெட்போன் கட்டாயம். ப்ளூடூத் வேண்டாம், கம்பி வைத்ததே நல்லது. முப்பது ப்ளூடூத் கருவிகள் ஒரே அறையில் இருந்தால் எது எதோடு இணையும் என்று சொல்ல முடியாது. உங்கள் கருவியில் வட்டமான ஹெட்போன் துளை இருக்கிறதா, யூஎஸ்பி-சி மட்டும்தானா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

இனி எழுத்துத் தேர்வு. எங்கள் பார்வையில் பிள்ளைகள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான், காரணம் பெரும்பாலும் விசைப்பலகை. ஐந்து, ஏழு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு 42 நிமிடம். கதையா, வாதக் கட்டுரையா என்பது அன்றுதான் தெரியும். திருத்துவது பத்து அளவுகோல்களில். வாதக் கட்டுரைக்கு மொத்தம் 48, கதைக்கு 47. இதில் எழுத்துக்கூட்டலுக்கு 6, நிறுத்தக்குறிகளுக்கு 5. அந்தப் பதினொன்றும், வேறு எதையும் திறக்கவிடாத பூட்டிய பிரவுசருக்குள் தனியாக நிற்கும் பிள்ளையின் பொறுப்பு, ஏனென்றால் பிழைதிருத்தி அங்கே வேலை செய்யாது. ஐபேடிலும் கூகுள் டாக்ஸிலும் எழுதிப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கிலச் சிறிய 'ஐ' (i) தானாகவே பெரிய எழுத்தாவதும், don't போன்ற சொல்லில் விட்டுப்போன மேற்குறி தானாக முளைப்பதும் பழக்கமாகிவிட்டது. இங்கே அடித்தது அடித்தபடியே நிற்கும்.

பயிற்சிக்குக் கோச்சிங் வகுப்பு தேவையில்லை. விண்டோஸ் நோட்பேடைத் திறந்து, தானியங்கித் திருத்தம் ஏதாவது இருந்தால் அதையும் அணைத்துவிட்டு, 42 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். முதல் ஐந்து நிமிடம் தாளில் திட்டம், கடைசி ஐந்து நிமிடம் 'ஐ', முற்றுப்புள்ளி, பத்தி இடைவெளி சரிபார்ப்பு. பள்ளி ஐபேட் வைத்திருந்தால் வெளி விசைப்பலகை உண்டா என்று கேளுங்கள். கண்ணாடித் திரையில் தட்டினால் கட்டுரையில் பாதி விசைப்பலகைக்கு அடியில் ஒளிந்துவிடும். இன்னொன்று: கட்டுரையைக் கணினியே திருத்தும் யோசனை ஒன்று இருந்தது, அதை 2018 தொடக்கத்தில் கைவிட்டார்கள். இன்றும் பயிற்சி பெற்ற மனிதர்கள்தான் திருத்துகிறார்கள். நீளமான சொற்களை அடுக்கி இயந்திரத்தை ஏமாற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிள்ளை சொந்த லேப்டாப்பைக் கொண்டுபோகும் பள்ளி என்றால், பெற்றோர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நாப்லானுக்கென்று தனியாக ஒரு பூட்டிய பிரவுசர் இருக்கிறது. அதைத் திறந்தால் வேறு எதற்கும் போக முடியாது. ஆண்டுதோறும் புதிய பதிப்பு வரும். அண்ணன் காலத்தில் போட்ட பழைய பதிப்பை நம்பி அனுப்பினால் தேர்வறையில் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். பழையதை நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். விண்டோஸ் 'எஸ் மோட்' லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவ முடியாது, அதை முதலில் சரிபாருங்கள். வீட்டுக் கூகுள் கணக்கில் இயங்கும் குரோம்புக்கை நம்பாதீர்கள். பள்ளி நிர்வகிக்கும் குரோம்புக்கில்தான் இது சிக்கலின்றி ஓடும். டீம்ஸ், டிஸ்கார்ட், திரைப்பகிர்வு, இலக்கணம் திருத்தும் செருகுநிரல் எல்லாம் பின்னால் ஓடினால் பூட்டிய பிரவுசரோடு மல்லுக்கட்டும். முந்தின இரவே கணினியை அப்டேட் செய்து, ஒருமுறை அணைத்துப் போட்டு, முழு சார்ஜ் ஏற்றுங்கள். வகுப்பில் முப்பது பேருக்கு முப்பது பிளக் பாயிண்ட் இருக்காது.

உள்ளே நுழைய இரண்டு குறியீடுகள் தேவை. ஆசிரியர் அறிவிக்கும் செஷன் கோடு ஒன்று, ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக அச்சடித்துத் தரும் மாணவர் கோடு ஒன்று. சீட்டு மாறிப்போனால் ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதும் ஆபத்து உண்டு. திரையில் தெரியும் பெயர் தன் பெயர்தானா என்று பார்த்துவிட்டுத் தொடங்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். நடுவில் கருவி செத்தால் பதற வேண்டாம். ஆசிரியர் தேர்வை நிறுத்திவைத்து வேறு கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடரவைக்க முடியும். கையை உயர்த்தச் சொல்லுங்கள், அதுதான் முக்கியம். கூச்சப்பட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பொருளின் பலவீனம் முதல் நாள் காலை. தேர்வுக்காலம் ஒன்பது பள்ளி நாட்கள். ஆனால் எழுத்துத் தேர்வைத் தொடக்கத்திலேயே முடிக்க வேண்டும் என்பது விதி. ஆக, முதல் புதன்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்கு சிட்னி, மெல்பர்ன், ஹோபார்ட் எல்லாம் ஒரே நேரத்தில் கதவைத் தட்டுகின்றன. கல்யாணத்தில் எல்லோரும் முதல் பந்திக்கே இலை கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி. பெர்த்துக்கு மட்டும் மூன்று மணி நேர வித்தியாசம் தரும் நிம்மதி. 2019 மே மாதத்தில் இணைப்புக் கோளாறால் சுமார் 30,000 மாணவர்களுக்கு மறுதேர்வு வாய்ப்பு கொடுக்க வேண்டிவந்தது. அண்மையில் ஒரு முதல் நாளன்று நாடு முழுவதும் மாணவர்கள் உள்ளே நுழையத் திணற, தேர்வை நிறுத்திவைக்கும்படி தேர்வை நடத்தும் அகாரா ஆணையமே பள்ளிகளுக்குச் சொன்னது. கேள்வி வடிவமைப்பில் இவ்வளவு அக்கறை காட்டியவர்கள், வகுப்புவாரியாகவோ மாநிலவாரியாகவோ நுழைவு நேரத்தைப் பிரித்துப்போடாதது எங்களுக்குப் புரியவில்லை. தேர்வுக்குத் தயாராகி வந்த பத்து வயதுப் பிள்ளையைச் சுழலும் வட்டத்தின் முன் உட்காரவைத்துவிட்டு, பிறகு "இப்போது எழுது" என்றால் அந்தக் கட்டுரை எப்படி வரும்?

முடிவு அறிக்கையில் 2023 முதல் பழைய பத்து மதிப்பெண் பட்டைகள் (பேண்ட்) கிடையாது. எக்ஸீடிங், ஸ்ட்ராங், டெவலப்பிங், கூடுதல் உதவி தேவை என்று நான்கே நிலைகள். அளவுகோலையே அப்போது புதிதாக வகுத்துவிட்டார்கள், ஆகவே 2022-இல் அக்கா வாங்கிய எண்ணோடு தம்பியின் எண்ணை ஒப்பிடாதீர்கள். 'ஸ்ட்ராங்' என்பது எதிர்பார்க்கும் தரத்தை எட்டிவிட்ட நிலை. அதைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை ஒருமுறை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். தேர்வு மே மாதத்திலிருந்து மார்ச்சுக்கு நகர்ந்தது நல்ல மாற்றம். முடிவு கைக்கு வரும்போது ஆசிரியருக்கு ஆண்டில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது.

ஊரிலிருந்து வந்து ஓராண்டு ஆகாத, ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைக்கு விலக்கு கேட்கலாம். எழுதவைப்பதே வேண்டாம் என்று பெற்றோர் விலக்கிக்கொள்ளவும் முடியும். இரண்டுக்கும் பள்ளியிடம் படிவம் வாங்கிக் கையெழுத்திட வேண்டும். திரை பழகவேண்டும் என்றால் நாப்லானின் பொது மாதிரித் தளம் இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை, சாதாரண பிரவுசரிலேயே திறக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒருமுறை உட்கார்ந்து, இழுத்து வைக்கும் கேள்வி எப்படி, கொடி எங்கே, ஒலி எப்படிக் கேட்பது என்று பார்த்தால் போதும். அதையே முப்பது முறை போடவைப்பதற்குப் பதில் அந்த நேரத்தில் தட்டச்சு பழகட்டும்.