பூஜ்யமா, ஓவா? அட்கின்சன் ஹைப்பர்லெஜிபிள் எழுத்துரு

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு ஐஎஃப்எஸ்சி குறியீட்டின் 5-ஆவது இடம் பழைய பகை. மொத்தம் 11 எழுத்துகள். அந்த இடத்தில் எப்போதும் வர வேண்டியது பூஜ்யம். ஆனால் படிவம் நிரப்புகிறவர்களில் பாதிப்பேர் அங்கே ஆங்கில ‘ஓ’வை எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அச்சிட்ட தாளிலேயே இரண்டும் ஒரே உருண்டையாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அந்தப் பகை ஓயவில்லை. வலது கண்ணின் விழித்திரை மையம் தேய்ந்துபோனதால், எந்த எழுத்தைப் பார்த்தாலும் அதன் ஓரம் தெரிகிறது, நடு கரைந்துவிடுகிறது. இப்போது குடியிருப்போர் சங்கத்தின் கணக்கு என் கையில். உறுப்பினர்களின் பான் எண், வங்கிக் குறியீடு, மின் இணைப்பு எண் எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. என் மருமகள்தான் இந்த எழுத்துருவைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். “மாமா, கண்ணாடியை மாற்றுவதற்கு முன் எழுத்தை மாற்றிப் பாருங்கள்” என்றாள்.

பெயருக்குரிய ஜே. ராபர்ட் அட்கின்சன் எழுத்துரு வரைந்தவர் அல்லர். அமெரிக்காவின் மொன்டானாவில் பண்ணை வேலை பார்த்தவர். 1912-இல் துப்பாக்கி விபத்தில் பார்வையை இழந்தவர். 1919-இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் தொடங்கிய பிரெய்ல் அச்சகம்தான் பிறகு பிரெய்ல் இன்ஸ்டிடியூட் ஆயிற்று. அந்த நிறுவனத்திடம் வருகிறவர்களில் மிகப் பலர் முழுப் பார்வையற்றவர்கள் அல்லர், என்னைப் போல மங்கலாகப் பார்க்கிறவர்கள். அவர்களுக்காக, நூற்றாண்டு ஆண்டான 2019-இல், அப்ளைட் டிசைன் ஒர்க்ஸ் என்ற வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கியது இது.

எழுத்துரு வரைகிறவர்கள் பொதுவாக ஒற்றுமையைத் தேடுவார்கள். சிறிய ‘டி’யைத் தலைகீழாகத் திருப்பினால் ‘பி’ கிடைத்துவிடும். வேலையும் மிச்சம், பக்கமும் ஒரே சீராக இருக்கும். 1957-இல் சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹெல்வெட்டிகா என்ற எழுத்துரு இந்த ஒழுங்கின் உச்சம். எல்லோரும் பள்ளிச் சீருடையில் வரிசையாக நிற்பார்கள். அழகுதான், யார் யார் என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். அட்கின்சன் எழுத்துருவின் யோசனை இதற்கு நேர் எதிரானது. ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் தனி அடையாளத்தைக் கொஞ்சம் மிகைப்படுத்திக் கொடுத்துவிடு, குடும்பச் சாயல் கெட்டாலும் பரவாயில்லை என்கிறது. பூஜ்யத்துக்குள் ஒரு சாய்கோடு. பெரிய ‘ஐ’க்கு மேலும் கீழும் குறுக்குக்கோடு. சிறிய ‘எல்’லின் அடியில் வளைந்த வால். ‘சி’க்கும் ‘ஈ’க்கும் வாய் நன்றாகத் திறந்திருக்கிறது.

இந்த வால் புதிய கண்டுபிடிப்பும் இல்லை. லண்டன் சுரங்க ரயிலுக்காக எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைந்து 1916-இல் பயன்பாட்டுக்கு வந்த எழுத்திலேயே ‘எல்’லுக்கு அடியில் கொக்கி உண்டு. அவரிடம் பயின்ற எரிக் கில், 1928-இல் வெளியான கில் சான்ஸ் என்ற தன் எழுத்துருவில் அதைத் துடைத்தெறிந்துவிட்டார். அதில் பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் ஒன்று மூன்றும் வெறும் செங்குத்துக் கோடுகள். அழகுக்காக மாணவர் விட்டதை ஆசிரியர் தேவைக்காகப் பிடித்து வைத்திருந்தார் என்பது என் கட்சி. கில் சான்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம். அவர்கள் ஒரு முறை பான் எண்களைச் சரிபார்க்கட்டும்.

அட்டவணையில் இதன் பலன் கண்கூடு. முன்பு சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுப்பேன். இப்போது ‘பி’யும் எட்டும் அடுத்தடுத்து வந்தாலும் தயங்காமல் கடந்துபோகிறேன். 2025-இல் வந்த ‘நெக்ஸ்ட்’ என்ற புதிய பதிப்பில் 7 தடிமன்கள் இருக்கின்றன. முதல் பதிப்பில் சாதாரண எழுத்து, தடித்த எழுத்து என்ற இரண்டோடு அவற்றின் சாய்வெழுத்துகள் மட்டும்தான். மிக மெல்லிய தடிமன் எதற்காக என்று எனக்குப் புரியவில்லை. மங்கலான கண்ணுக்கு மெல்லிய கோட்டால் என்ன உபகாரம்? கூடவே வந்திருக்கும் ‘மோனோ’தான் கணக்கு எழுதுகிறவர்களுக்கான சரக்கு. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்பதால் ஓர் இலக்கம் விடுபட்டால் வரிசை உடைந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் நீண்ட வாசிப்புக்கு இது எனக்கு ஒத்துவரவில்லை. மின்னூல் கருவியில் இதை ஏற்றி ஓர் ஆங்கில நாவலைத் தொடங்கினேன். ஒவ்வோர் எழுத்தும் தன்னைப் பார் என்று நிற்கிறது. சொல்லாக, வரியாக ஓட மறுக்கிறது. திரைக்கென்றே மேத்யூ கார்ட்டர் வரைந்த ஜார்ஜியாவுக்கே திரும்பிவிட்டேன், அளவை மட்டும் பெரிதாக்கிக்கொண்டு.

பெரிய குறை, இதில் தமிழ் இல்லை. 150-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு உதவும் புதிய பதிப்பிலும் இல்லை. உறுப்பினர் பெயரைத் தமிழில் தட்டினால் விண்டோஸ் தானாகவே தன்னிடமுள்ள நிர்மலா என்ற எழுத்துருவைக் கொண்டுவந்து வைக்கிறது. ஒரே வரியில் ஆங்கிலம் பளிச்சென்றும் தமிழ் மெலிந்தும் நிற்கின்றன.

இந்தச் சிந்தனை ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் அவசரம். நடு கரையும் கண்ணுக்கு ‘ண’வின் சுழியையும் ‘ன’வின் சுழியையும் எண்ணிப் பிரிப்பது பெரும்பாடு. துணைக்காலையும் ‘ர’வையும் பல எழுத்துருக்களில் அடியிலுள்ள சின்னச் சாய்வு ஒன்றுதான் பிரிக்கிறது. ‘கௌ’வையும், ‘கெ’யோடு ‘ள’வைத் தட்டிய ‘கெள’வையும் பிரிக்க அதுகூட இல்லை, இணையத்தில் கௌரவம் பாதி இடங்களில் தவறாகத் தட்டப்பட்டுக் கிடப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, தேடும்போதுதான் அகப்படாமல் போகிறது. நமக்கு இது அந்நியமான வேலையும் அல்ல. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் ‘எ’யா ‘ஏ’யா என்று தடுமாறிய காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், இரட்டைக்கொம்பைக் கொடுத்துக் குறில் நெடிலைப் பிரித்தவர் வீரமாமுனிவர். அவர் கொம்பைத் திருத்தினார்; காலைத் திருத்த இன்னும் ஒருவர் வர வேண்டியிருக்கிறது.

விலை கிடையாது. பிரெய்ல் இன்ஸ்டிடியூட் தளத்திலும் கூகுள் ஃபான்ட்ஸிலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கணக்கு வேலைக்கென்றால் ‘மோனோ’வின் நடுத்தரத் தடிமனை எடுத்துக்கொள்ளுங்கள். அளவை 16-க்குக் கீழே இறக்காதீர்கள். பொடி எழுத்தில் எந்த வாலும் கண்ணுக்குத் தெரியாது.