புதுத் தொட்டியில் பாசி: கடல் தண்ணீரா, கலக்கிய உப்பா?

பவளம் வளர்க்கும் புதுக் கடல்நீர்த் தொட்டியில் இரண்டு, மூன்று கிழமையில் பழுப்புப் பாசி படிவது வழமை. தண்ணீரிலுள்ள சிலிக்கேற்றில் வளரும் டயட்டம் என்ற நுண்பாசி அது; பெரும்பாலும் தானாகவே அடங்கும். சண்டை பச்சை மயிர்ப்பாசியோடுதான். அதற்குத் தீனி நைத்திரேற்றும் பொசுபேற்றும். அவை பெரும்பாலும் மீன் தீனியிலிருந்து சேரும். ஊற்றும் தண்ணீரோடும் வரும்.

மட்டக்களப்பு கல்லடிக் கடலில் தண்ணீர் அள்ளினால் போக்குவரத்துச் செலவு மட்டும்தான். சித்திரை, வைகாசியில் கடல் தெளிந்து கிடக்கும்போது நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் மாரியில் முகத்துவாரம் திறந்துவிட்டால், வயல் உரத்தையும் சேற்றையும் சுமந்துகொண்டு மட்டக்களப்பு வாவி கடலில் இறங்கும். கரையோரத் தண்ணீரில் உப்பும் குறையும். அப்போது அள்ளுவது பாசிக்கு விருந்து வைப்பதுதான்.

தண்ணீரில் கலக்கும் கடல்தொட்டி உப்பு விலை கூடியது, சரி. ஆனால் உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025 என்பது எந்த மாதத்திலும் நம் கையில். ஆர்.ஓ. தண்ணீரில் (சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த நீர்) கலக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் காசு கொடுத்துப் பாசி வளர்த்த கதைதான். அப்புறம், ஆவியாகிக் குறைவதை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள்.

ஐப்பசி முதல் தை வரை உப்பு, மற்றக் காலத்தில் கடல் என்பது என் கணக்கு. எதுவானாலும் விளக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல் எரிய வேண்டாம்.