கருவிழி வளையம்: பிளாஸ்டிக்கா, தானத் திசுவா?

சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரேபோல இல்லாததைச் சரிசெய்யும் பவர்) 5, 6 என்று ஏறி, கண்ணாடி போட்டும் எழுத்துக்கு நிழல் விழுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கெரட்டோகோனஸை. கருவிழி மெலிந்து, பெரும்பாலும் கீழ்ப்பக்கமாகக் கூம்பிக்கொண்டு வரும் நோய் இது. இந்தக் கண்ணுக்கு லேசிக் ஆகாது. மெலிந்ததை மேலும் செதுக்கினால் கூம்பல் வேகமெடுக்கும். வளையத்தின் வழி நேர் எதிர்: கருவிழியின் ஓரத்தில், திசுவுக்குள்ளேயே ஒரு வில்துண்டைச் செருகுகிறார்கள். ஓரம் தடித்தால் நடு தட்டையாகும். துண்டின் தடிமன் கூடக் கூட, வட்டம் சுருங்கச் சுருங்க, பலன் ஏறும். வில் குட்டையாக இருந்தால் சிலிண்டர் அதிகம் குறையும்.

பிளாஸ்டிக் வளையங்கள் எல்லாமே பிஎம்எம்ஏ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்தான். வேறுபாடு வடிவத்தில். அமெரிக்காவில் 1999-ல் குறைந்த கிட்டப்பார்வைக்கும், 2004-ல் கெரட்டோகோனஸுக்கும் அனுமதி பெற்ற இன்டாக்ஸ், 150 டிகிரி வில்; உள்விட்டம் 6.8 மி.மீ., வெட்டுமுகம் அறுகோணம். பிரேசிலில் இருந்து வந்த ஃபெராரா, கெராரிங் இரண்டும் முக்கோண வெட்டுமுகம், சுமார் 5 மி.மீ. வட்டம். கெராரிங்கில் 6 மி.மீ. வகையும் உண்டு, வில் 90, 120, 160, 210 டிகிரி, தடிமன் 150 முதல் 350 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை 50 மைக்ரான் படியாகக் கிடைக்கும். சிலிண்டர்தான் தொல்லையென்றால் எங்கள் ஓட்டு சின்ன வட்டத்துக்கு. ஒரு விலை உண்டு: இருட்டில் கண் பாப்பா 5 மி.மீ.க்கு மேல் விரிகிறவர்களுக்கு எதிர்வண்டி விளக்கு ஒளிவட்டமாகச் சிதறும். இரவில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பாப்பா அளவை இருட்டில் எடுத்துப் பார்க்காமல் வட்டம் தேர்ந்தெடுப்பது தவறு.

கணக்கு இப்படிப் போகும். வளையம் உட்காரும் பாதையில் தடிமன் 460 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். துண்டு நுழையக் கருவிழிக்குள் குடையும் சுரங்கம் 75 சதவீத ஆழத்தில், அதாவது 345 மைக்ரானில். துண்டின் தடிமன் அந்த இடத்துத் தடிமனில் பாதியைத் தாண்டக்கூடாது. பாதி 230, ஆகவே 200 மைக்ரான் துண்டு. நடுவில் உள்ள மெல்லிய புள்ளியின் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாம் பிசகும். பாதையின் எண்தான் வேண்டும். சிலிண்டரின் அச்சை நோயாளி உட்கார்ந்திருக்கும்போதே மையால் குறிக்க வேண்டும், ஏனென்றால் படுத்ததும் கண் சில டிகிரி சுழன்றுவிடும். வளைவு மிகுந்த அச்சில் சின்ன வெட்டு, ஃபெம்டோ லேசரில் சுரங்கம், பிறகு துண்டைத் தள்ளி நுழைப்பது. துண்டின் முனை வெட்டுவாயை ஒட்டி நின்றால் வெட்டு ஒழுங்காக ஆறாது.

இவ்வளவு ஆழம் ஏன்? கருவிழியின் மேற்பரப்புக்குச் சர்க்கரைச் சத்து கண்ணின் உள்திரவத்திலிருந்து ஊறி வருகிறது. பிளாஸ்டிக் அதை மறித்து நிற்கும். சுரங்கம் மேலே வந்துவிட்டால் துண்டுக்கு மேலிருக்கும் மெல்லிய திசு பட்டினியாலும் இழுவையாலும் கரைந்து, ஒருநாள் துண்டே வெளியே எட்டிப்பார்க்கும். கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்தும்.

தானத் திசு வளையத்தின் சாதகம் இங்கேதான் தொடங்குகிறது. கெய்ர்ஸ் எனப்படும் இந்த முறையைச் சென்னையில் டாக்டர் சூசன் ஜேக்கப் உருவாக்கினார். ஆய்வுக் கட்டுரை 2018-ல் வந்தது. தானக் கருவிழியின் மேல்தோலையும் உள்படலத்தையும் நீக்கிவிட்டு, இரட்டைக் கத்தி வட்டவெட்டியால் நடுப்படலத்தில் மோதிரம்போல ஒரு பட்டையை எடுத்து, அதை வில்துண்டுகளாக நறுக்குகிறார்கள். திசு சத்தை மறிக்காது. அதனால் பாதி ஆழத்திலேயே வைக்கலாம். பிளாஸ்டிக்குக்குத் தடிமன் போதாத கண்ணும் தகுதி பெறும். உள்படல செல் குறைந்து முழு மாற்று சிகிச்சைக்கு உதவாத தானக் கண்கூட இதற்குப் போதும்.

கையாளுவதில்தான் சிரமம். திசு நீரில் ஊறி வழவழவென்று சுரங்கத்துக்குள் மடங்கும். அதனால் சிலர் செருகுமுன் அதைக் காயவைத்து விறைப்பாக்கிக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக்கில் 200 என்றால் 200. திசுவில் அந்தத் துல்லியம் இல்லை, ஆரம்ப வீக்கம் வடிந்த பிறகுதான் உண்மையான பவர் தெரியும். எனவே, பாதையில் 450 மைக்ரானுக்கு மேல் உள்ள, கூம்பல் நடுத்தரமான கண்ணுக்குப் பிளாஸ்டிக்கையே முதலில் சொல்வோம்: கணக்கு தெளிவு, சரிவராவிட்டால் எடுத்துவிட்டு வேறு அளவு போடலாம். அதற்குக் கீழே என்றால் திசு. நடுவில் தழும்பு விழுந்த கண்ணுக்கு இரண்டுமே உதவாது.

வளையத்துக்கு மாற்றாகச் சொல்லப்படும் டோரிக் ஐசிஎல், அதாவது சிலிண்டர் பவரோடு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ், வேறு ரகம். ஒழுங்கான சிலிண்டரை மட்டும் திருத்தும். கோணல் பரப்பைத் திருத்தாது. லென்ஸ் 10 டிகிரி திரும்பினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வெள்ளை விழியில் அமரும் பெரிய கான்டாக்ட் லென்ஸான ஸ்கிளீரல் லென்ஸ் கத்தியில்லாமலே, வளையத்தைவிடத் தெளிவான பார்வை தரக்கூடியது. தினமும் உப்புநீர் நிரப்பி, காற்றுக்குமிழி சிக்காமல் மாட்டப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இருப்பவருக்கு வளையம் அவசரமில்லை. நோய் இன்னும் முற்றிக்கொண்டிருந்தால் சி3ஆர் (மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதியாக்கும் சிகிச்சை) செய்தே ஆக வேண்டும். வளையம் வடிவத்தை மாற்றுமே ஒழிய, நோயை நிறுத்தாது.